ஓம எண்ணெய் கிருமியக் கொல்லும், சரி… எம்புட்டு ஊத்துனா?

எங்க பெரியம்மாவுக்கு சுகர் வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. உசிலம்பட்டிப் பக்கம் கிராமம், செருப்பு போடாமலே தோட்டத்துக்குப் போயிட்டு வர்ற ஆளு. போன வருஷம் வலது கால் பெருவிரல் ஓரமா ஒரு கொப்புளம் வந்து, அது உடைஞ்சு புண்ணாகி, ஆறவே மாட்டேன்னு நின்னுருச்சு. மெடிக்கல்ல போயி ரெண்டு தடவ செட் மாத்திரை வாங்கிப் போட்டுருக்காக, வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடல. அதுக்கும் கேக்கலன்னதும் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போன்ல ஒரு வீடியோவக் காட்டி, "ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத கிருமியெல்லாம் கிராம்புத் தைலத்துல செத்துருதாம் பெரியம்மா, ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிருக்காங்க"ன்னு சொல்லி ஒரு சின்ன பாட்டில வாங்கிக் குடுத்துருக்கான். அவுக அத எதுலயும் கலக்காம அப்படியே புண்ணு மேல ஊத்திட்டாக. சுகர்ல கால் மரத்துப் போயிருந்ததுனால எரிச்சல் கூடத் தெரியல. நாலு நாள்ல சுத்தி இருந்த நல்ல தோலும் வெந்து உரிஞ்சு போச்சு.

நான் மதுரையில ஒரு லேப்ல கல்ச்சர் பாக்குற, அதாவது சாம்பிள்ல இருக்க கிருமிய வளத்து என்ன கிருமின்னு கண்டுபிடிக்கிற வேலையில இருக்கேன். அவுகள மதுரைக்குக் கூட்டிட்டு வந்து டாக்டர்ட்ட காட்டி, புண்ணுல இருந்து எடுத்த சாம்பிள் எங்க லேபுக்கே வந்துச்சு. மறுநாள் காலையில பிளேட்டத் தொறந்தப்பவே தெரிஞ்சுருச்சு, பச்சை ஏறுன நிறம், திராட்சைப் பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை, சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா. அதுக்கடுத்த நாள், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும்னு சொல்ற சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டுல வரிசையா ஆர், ஆர், ஆர்னு விழுந்துக்கிட்டே போகுது, ஆர்னா ரெசிஸ்டன்ட், அந்த மருந்து வேலைக்கு ஆகாதுன்னு அர்த்தம், கடைசில ரெண்டே ரெண்டு ஊசிக்கு மட்டும்தான் எஸ், அதாவது கேக்கும்னு இருந்துச்சு. எங்க வீட்டு ஆளோட பேரு மேல இருக்க ரிப்போர்ட்ட அன்னைக்குத்தான் மொதத் தடவையா டைப் பண்ணேன், கை நடுங்கிருச்சு.

அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஏன்னா அவன் சொன்னது பொய் இல்ல. கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், பட்டை எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் எல்லாமே மருந்துக்கு அடங்காத கிருமிகளக் கொல்லத்தான் செய்யும், நானே என் கண்ணால பாத்துருக்கேன். உண்மையான ஒரு தகவல் எப்படி ஒரு கால வேக வச்சுச்சுங்கிறதுதான் இங்க நான் எழுத வந்தது.

மொதல்ல இந்த அடங்காத கிருமி எங்க இருந்து வருதுன்னு பாத்துருவோம். ஆன்டிபயாடிக் போட்டா உள்ள இருக்க கிருமி அத்தனையும் ஒரே நேரத்துல சாகுறதில்ல. கோடிக்கணக்குல இருக்கதுல ஒண்ணு ரெண்டுக்கு தற்செயலா ஒரு சின்ன மாற்றம் இருக்கும், மருந்து அதுகள விட்டுட்டு மத்ததக் கொன்னுரும், அப்புறம் இடமும் சாப்பாடும் முழுக்க அதுகளுக்குத்தான், ஈ.கோலை மாதிரி கிருமிக்கு வசதி இருந்தா இருபது நிமிசம் போதும் ஒண்ணு ரெண்டாக. இது போக கிருமிக்கு இன்னொரு பழக்கம் இருக்கு, தன்கிட்ட இருக்க எதிர்ப்பு ஜீன ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்துல வச்சு பக்கத்துல இருக்க வேற இனக் கிருமிக்கே கைமாத்தா குடுத்துரும்.

பென்சிலினக் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல நோபல் பரிசு வாங்குன உரையிலயே சொல்லிட்டாரு, பத்தாத அளவுல மருந்தக் குடுத்தா கிருமி சாகாம பழகிக்கும்னு. மெத்திசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் வந்தது 1959-ல, 1961-லயே அதுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா இங்கிலாந்துல கெடச்சுருச்சு, அதுதான் இன்னைக்கு வரைக்கும் எம்ஆர்எஸ்ஏன்னு சொல்றது. நம்ம ஊருக் கதையும் இதுல இருக்கு. இந்தியாவுல ஆஸ்பத்திரியில இருந்துட்டு ஸ்வீடன் திரும்புன ஒரு நோயாளிகிட்ட 2008-ல கெடச்ச கிருமியில ஒரு புது என்சைம் இருந்துச்சு, கடைசி ஆயுதமா வச்சிருந்த கார்பபெனெம் மருந்தையே ஒடைச்சுப் போட்டுரும், அதுக்கு என்டிஎம்-1னு (என்டின்னா நியூ டெல்லி) டெல்லி பேரையே வச்சாங்க. 2010-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட குழும இதழ்ல வந்த கட்டுரையில சென்னையில எடுத்த சாம்பிள்களும் இருந்துச்சு. பேரு வச்சது சரியா தப்பான்னு அன்னைக்கு பெரிய சண்டையே நடந்துச்சு, ஆனா 2012-ல நம்ம டாக்டர்களே கூடி சென்னைப் பிரகடனம்னு ஒண்ணு போட்டு இத இனி மறைக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க, அது பெரிய விஷயம்னு நான் நெனைக்கிறேன்.

அளவு தெரியணும்னா ஒரு கணக்கு. மருந்துக்கு அடங்காத கிருமியால நேரடியா இறந்தவங்க 2019-ல மட்டும் உலகம் பூரா 12 லட்சத்து 70 ஆயிரம் பேர்னு 2022-ல லான்செட்டுல மதிப்பீடு வந்துச்சு. நம்ம ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், வருஷா வருஷம் பெரிய ஆஸ்பத்திரிகள்ல இருந்து ரிப்போர்ட் சேத்துப் போடுது, அதுல கிளெப்சியெல்லாங்கிற கிருமி இமிபெனெம் ஊசிக்கு 2017-ல 100க்கு 58 போல அடங்கிக்கிட்டு இருந்தது 2023-ல 35 பக்கம் எறங்கிருச்சு. ஆறே வருஷம்.

இதுல செட் மாத்திரைக்கும் பங்கு இருக்குன்னு நான் சொல்லித்தான் ஆகணும். நம்ம பக்கம் காய்ச்சல், சளி, தொண்டை வலி எதுன்னாலும் மெடிக்கல்ல போயி "ரெண்டு வேளைக்கு செட் குடுங்கண்ணே"ன்னு கேக்குறது பழகிப்போச்சு, பிரிச்சு வெட்டுன மாத்திரை நாலு ஒரு கவர்ல வரும், அதுல ஒண்ணு ஆன்டிபயாடிக்கா இருக்கலாம், ரெண்டு வேளையில காய்ச்சல் விட்டுரும், மிச்சத்த யாரும் வாங்குறதில்ல. ஃபிளெமிங் சொன்ன பத்தாத அளவு இதேதான். 2014 மார்ச்ல இருந்து ஷெட்யூல் ஹெச்1னு ஒரு விதி இருக்கு, ஆரம்பத்துலயே 46 மருந்து அதுல வந்துச்சு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது, வாங்குனவங்க பேர எழுதி மூணு வருஷம் பதிவேடு வச்சிருக்கணும். விதி நல்ல விதி.

ஆக புது மருந்து வேணும். அந்த எடத்துலதான் எல்லார் கண்ணும் செடி எண்ணெய் பக்கம் திரும்புது, அதுல ஞாயமும் இருக்கு. செடி ஓட முடியாது, கடிக்க முடியாது, பூஞ்சையும் பாக்டீரியாவும் பூச்சியும் வந்தா அதுகிட்ட இருக்கது ரசாயனம் மட்டும்தான், கோடி வருஷமா அந்தச் சண்டைய அது நடத்திக்கிட்டு இருக்கு. நம்ம மூக்குக்கு வாசனை, அதுக்கு அது ஆயுதம்.

இங்க ஒரு குழப்பத்தப் பிரிச்சுச் சொல்லணும், ஏன்னா நம்ம மொழியில ரெண்டுக்குமே தைலம்னுதான் சொல்றோம். பாட்டி நல்லெண்ணெயிலயோ தேங்காயெண்ணெயிலயோ மூலிகையப் போட்டுக் காய்ச்சி வடிகட்டுறது ஒரு தைலம், அதுல முக்காவாசிக்கு மேல சமையல் எண்ணெய்தான், மூலிகைச் சத்து கொஞ்சம் எறங்கிருக்கும். இன்னொண்ணு கொடைக்கானல் கடைகள்ல விக்கிற யூகலிப்டஸ் தைலம் மாதிரி ஆவியில வடிச்சது, இலையையோ விதையையோ கொப்பரையில போட்டு நீராவிய ஏத்தி, அந்த ஆவியக் குளிர வச்சா தண்ணி மேல மிதந்து வர்ற சாறு. அதுல எண்ணெய்னு பேரு மட்டும்தான், தொட்டுத் தேச்சா பறந்துரும், முழுக்க முழுக்க வாசனை மூலக்கூறு. ஆராய்ச்சியில சொல்ற எண்ணெய் இந்த ரெண்டாவதுதான்.

எவ்வளவு செறிவுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஓமத்துல எண்ணெய் நூத்துக்கு ரெண்டுல இருந்து நாலு பங்கு இருக்கும். மூணுன்னே வச்சுக்குவோம். பத்து மில்லி ஓம எண்ணெய் பாட்டில் ஒண்ணு கிட்டத்தட்ட ஒம்பது கிராம், அதுக்கு 300 கிராம் ஓமம் வேணும். வயித்து வலிக்குப் பாட்டி கொதிக்க வைக்கிறது ஒரு ஸ்பூன் ஓமம், ரெண்டு கிராம். அப்ப அந்தச் சின்ன பாட்டிலுக்குள்ள நூத்தம்பது பாட்டி வைத்தியம் அடைபட்டுக் கெடக்கு. "நம்ம முன்னோர்கள் காலங்காலமா சாப்பிட்டதுதானே"ன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்க ஞாபகம் வச்சுக்கங்க, அவங்க சாப்பிட்டது ஓமம், ஓம எண்ணெய் இல்ல.

மதுரைக்காரங்க எல்லாரும் மல்லி பத்தியும் கேப்பீங்க. 2013-ல புவிசார் குறியீடு வாங்குன பூ, நிலக்கோட்டைப் பக்கமெல்லாம் வாசனைத் தொழிலுக்குப் போகுது, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு காலையில போனா அந்த வாசத்துலயே வியாதி போயிரும் போலத்தான் இருக்கும். ஆனா மல்லிய ஆவியில வடிக்க மாட்டாங்க, சூட்டுல வாசம் கெட்டுரும், கரைப்பான்ல ஊற வச்சு மெழுகு மாதிரி எடுப்பாங்க. அதுல இருக்கது பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் இந்த மாதிரி, மனசுக்கு எம்புட்டு நல்லதோ கிருமி கொல்றதுல ஓமத்துக்கு அது ஈடு கெடையாது. வாசத்தோட அளவுக்கும் கிருமி கொல்ற சக்திக்கும் சம்பந்தம் இல்ல, மூலக்கூறோட அமைப்புலதான் விஷயம் இருக்கு.

ஓமத்துல இருக்கது தைமால். நம்ம வீட்டுத் தொட்டியில வளருற கற்பூரவல்லியில கார்வக்ரால், தைமால் ரெண்டும் உண்டு. கிராம்புல யூஜினால். இது மூணுமே ஃபீனால் குடும்பம். 1867-ல ஜோசஃப் லிஸ்டர் கார்பாலிக் ஆசிட்டப் போட்டு காயத்துல சீழ் பிடிக்காமத் தடுத்ததா எழுதுனாரே, அந்தக் கார்பாலிக் ஆசிட்டுதான் ஃபீனால், தரை துடைக்கிற கறுப்பு பினாயிலுக்கும் இதுக்கும் ஒண்ணு விட்ட சொந்தம். பட்டையில இருக்க சின்னமால்டிஹைடும் எலுமிச்சைப்புல்லுல இருக்க சிட்ரலும் வேற குடும்பம், ஆனா அதுகளும் வீரியம் உள்ள சரக்குதான்.

இது எப்படிக் கொல்லுதுன்னா, பாக்டீரியாவ சுத்தி கொழுப்புல ஆன ஒரு சவ்வு இருக்கு. தைமால் மாதிரி மூலக்கூறு தண்ணியில நிக்க விரும்பாது, கொழுப்பத் தேடிப் போயி அந்தச் சவ்வுக்குள்ள சொருகிக்கும், சவ்வு நெகிழ்ந்து போயி உள்ள இருக்க பொட்டாசியம் வெளிய கசியும், சக்தி தயாரிக்கிறதுக்கு கிருமி சேத்து வச்சிருக்க புரோட்டான் அழுத்தம் எறங்கிரும், கண்மாய்க்கரை ஒரு எடத்துல ஒடைஞ்சா அடைச்சுரலாம், கரை நெடுக ஊறிக் கசிஞ்சா என்ன பண்றது, அந்த மாதிரி. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கிருமிக்குள்ள ஏதோ ஒரே ஒரு பூட்டக் குறி வச்சுப் போகும், கிருமி அந்தப் பூட்ட மாத்திக்கிட்டா மருந்து தோத்துரும். எண்ணெய்க்கு அப்படி ஒத்தப் பூட்டு இல்ல, அதனாலதான் அதுக்கு எதிரா பெரிய அளவுல எதிர்ப்பு உருவாகுறது கஷ்டம், மெத்திசிலினுக்கு அடங்காத கிருமியும் அடங்குற கிருமியும் எண்ணெய்க்கு முன்னால ஏறக்குறைய ஒண்ணுதான். கொஞ்சங் கொஞ்சமா பத்தாத அளவுல காட்டிக்கிட்டே இருந்தா கிருமி ஓரளவு பழகிக்கும்னும் சோதனையில பாத்துருக்காங்க, அதையும் சொல்லிரணும்.

வீடியோக்காரங்க இதோட நிறுத்திருவாங்க. ஆனா அதே காரணத்துல இருந்துதான் அடுத்த பிரச்சினையும் வருது. பென்சிலின் அடிக்கிறது கிருமியோட செல்சுவர, நம்ம செல்லுக்கு அந்தச் சுவரே கெடையாது, அதனாலதான் அலர்ஜி இல்லாதவங்களுக்கு கோடிக்கணக்கான யூனிட் ஏத்துனாலும் மனுசன் தாங்குறான். எண்ணெய் அடிக்கிறது கொழுப்புச் சவ்வ. நம்ம செல்ல சுத்தியும் கொழுப்புச் சவ்வுதான். கிருமி எது, பெரியம்மாவோட தோல் எதுன்னு கிராம்பு எண்ணெய்க்குத் தெரியாது.

எனக்கு இது புரிஞ்சது எம்எஸ்சி படிக்கும்போது. நம்ம பக்கம் மைக்ரோபயாலஜி படிச்சவங்களக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரோட ப்ராஜெக்ட் ஏதாவது ஒரு இலையோட கிருமி எதிர்ப்புத் திறன்தான். நான் ஓம எண்ணெய் எடுத்தேன். கிருமி வளக்குற அகர் பிளேட்டுல ஸ்டாஃபைலோகாக்கஸத் தடவி, ஆறு மில்லிமீட்டர் ஃபில்டர் பேப்பர் வட்டத்துல எண்ணெய விட்டு வச்சுட்டு மறுநாள் வந்து பாத்தா, வட்டத்தச் சுத்தி கிருமியே இல்லாம பளிச்சுன்னு பெரிய வளையம், பக்கத்துல வச்ச வான்கோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கோட வளையத்த விடப் பெருசு. சந்தோசத்துல கைடு மேடம் ரூமுக்கு ஓடுனேன். அவங்க பிளேட்ட வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"எம்புட்டு ஊத்துன?"

"பத்து மைக்ரோலிட்டர் மேம்."

"எடையில?"

"ஒம்பது மில்லிகிராம் இருக்கும்."

"வான்கோமைசின் டிஸ்க்ல?"

"முப்பது… மைக்ரோகிராம்."

"அப்ப முன்னூறு மடங்கு போட்டுருக்க. அதையும் சேத்து எழுதும்மா, அப்பத்தான் அது ரிசல்ட்டு."

அதுக்கப்புறம் இந்த விஷயத்துல எந்தக் கட்டுரையப் பாத்தாலும் நான் மொதல்ல தேடுறது அந்த எம்புட்டுங்கிறதத்தான். எண்ணெய் அகர்ல சரியா ஊறிப் பரவாது, ஆவியாகி மூடிக்குள்ள சுத்தும், அதனால வளையத்தோட அளவ வச்சு ரெண்ட ஒப்பிடுறதே சரியில்ல. கிருமி வளராம தடுக்கக் குறைஞ்சபட்சம் எவ்வளவு வேணும்னு தனியா அளக்கணும். அப்படி அளந்தா ஸ்டாஃபைலோகாக்கஸுக்கு டீ ட்ரீங்கிற மரத்தோட எண்ணெய் நூத்துக்கு கால் பங்குல இருந்து அரைப் பங்கு, தைமால் மில்லிக்கு சில நூறு மைக்ரோகிராம், வான்கோமைசின் ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம். நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இப்ப உடம்புக்குள்ள வருவோம். மில்லிக்கு 300 மைக்ரோகிராம்னா லிட்டருக்கு 300 மில்லிகிராம். வளந்த ஆளு உடம்புல தண்ணி மட்டும் நாப்பது லிட்டர் போல இருக்கு. ரத்தத்துலயும் சதையிலயும் அந்த அளவு நிக்கணும்னா 12 கிராம் தைமால் வேணும், அதுவும் ஈரல் அத ஒண்ணுமே பண்ணாம சும்மா விடணும். ஈரல் விடாது. 2002-ல ஜெர்மனியில பன்னெண்டு பேருக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம் தைமால் இருக்க மாத்திரையக் குடுத்து ரத்தத்துல தேடுனாங்க, சுத்தத் தைமால் கெடைக்கவே இல்ல, ஈரலும் குடலும் அத சல்ஃபேட்டோட ஒட்டி மாத்திருச்சு, அந்த மாத்துன சரக்கோட உச்ச அளவே மில்லிக்கு 93 நானோகிராம், மைக்ரோகிராம்ல சொன்னா 0.093. கிருமி கொல்றதுக்கு எந்த ஹைட்ராக்சில் முனை முக்கியமோ அந்த முனையிலதான் சல்ஃபேட் போயி ஒட்டிக்குது. மிச்சம் மீதி இருந்தாலும் ரத்தத்துல இருக்க அல்புமின் புரதம் பிடிச்சு வச்சுக்கும். குடிச்சு ரத்தத்துல இருக்க கிருமியக் கொல்ல முடியாதுன்னு நான் சொல்றது இதனாலதான். நிமோனியா, கிருமி ரத்தத்துல பரவுற செப்சிஸ், சிறுநீரகத் தொற்று இதுக்கெல்லாம் எண்ணெய் சொட்டுவிட்டுக் குடிங்கன்னு யாரு சொன்னாலும் அவங்க இந்தக் கணக்கப் போடல.

பெரியம்மா விஷயத்துல இன்னொரு கொடுமையும் சேந்துக்கிச்சு. புண்ணு மேலதானே ஊத்துனாக, உள்ளுக்கு இல்லையே, அங்க எண்ணெய் போதுமான அளவு கெடைக்குமேன்னு கேக்கலாம். கேக்கணும். ஆனா அங்க இருந்தது சூடோமோனாஸ். அதுக்கு சவ்வுக்கு வெளிய இன்னொரு சவ்வு இருக்கு, எண்ணெய்ப் பசை உள்ளது சுலபமா நுழைய முடியாது, தப்பி நுழைஞ்சதையும் உள்ள இருக்க பம்புகள் எறைச்சு வெளிய தள்ளிரும், நம்ம கமலைக் கிணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி ஓயாம. டீ ட்ரீ எண்ணெய்ல சோதிச்ச கிருமிகள்ல அதிகம் தாக்குப் பிடிக்கிறது இந்த இனம்தான். ஆழமான புண்ணுல அது சும்மாவும் இருக்காது, கொழகொழன்னு ஒரு படலத்தக் கட்டிக்கிட்டு அதுக்குள்ள உக்காந்துக்கும். ஆக எண்ணெய் கொன்னது பெரியம்மாவோட நல்ல தோலத்தான், கிருமி பத்திரமா இருந்துச்சு.

மனுசங்க மேல ஒழுங்கா பண்ணுன சோதனை எதுவுமே இல்லையான்னா, இருக்கு, இது பத்தி யாரும் வீடியோ போடுறதில்ல. ஆஸ்திரேலியாவுல விளையுற டீ ட்ரீ எண்ணெய்தான் இதுல அதிகம் படிச்சது. 2004-ல இங்கிலாந்துல எம்ஆர்எஸ்ஏ உடம்புல ஒட்டிக்கிட்டு இருந்தவங்க இருநூத்தி சொச்சம் பேர ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து, பாதிப் பேருக்கு பத்து சதவீத டீ ட்ரீ கிரீமும் அஞ்சு சதவீத குளியல் திரவமும் குடுத்தாங்க. வழக்கமான மருந்துல 49 சதவீதம் பேருக்கு கிருமி போச்சு, எண்ணெய்ல 41. பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. மூக்குக்குள்ள இருக்க கிருமிக்கு வழக்கமான முபிரோசின் களிம்புதான் தெளிவா ஜெயிச்சுச்சு, 78-க்கு 47. தோல் மேல இருக்க கிருமிக்கும் தோல் புண்ணுக்கும் எண்ணெய் கொஞ்சம் முன்னால நின்னுச்சு. எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா எண்ணெய் எங்க வேலை செய்யும்னு அதுவே சொல்லுது, மேல, தோல்ல, போதுமான அளவு கெடைக்கிற எடத்துல. ஆனா 2013-ல ஐசியூ நோயாளிகள் 391 பேர வச்சு வட அயர்லாந்துல பண்ணுன சோதனையில, டீ ட்ரீ திரவத்துல துடைச்சாலும் சாதாரண குழந்தைக் குளியல் திரவத்துல துடைச்சாலும் புதுசா எம்ஆர்எஸ்ஏ ஒட்டுறதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல.

அப்ப இந்த ஆராய்ச்சி எல்லாம் வீணான்னு கேட்டா, இல்லவே இல்ல, நான் அப்படி நெனைச்சா இம்புட்டு எழுத மாட்டேன். எனக்கு நம்பிக்கை இருக்கது எண்ணெய் தனியா நின்னு சண்டை போடுறதுல இல்ல, ஆன்டிபயாடிக்குக்குத் துணையா நிக்கிறதுல. கிருமியோட சவ்வக் கொஞ்சம் நெகிழ வச்சா போதும், வெளிய நின்ன ஆன்டிபயாடிக் உள்ள போயிரும், பம்ப அடைச்சா உள்ள போனது உள்ளயே தங்கும். லேப்ல இத எப்படிப் பாப்போம்னா, ஒரு தட்டுல கட்டம் கட்டமா ஒரு பக்கம் எண்ணெய் அளவ ஏத்திக்கிட்டே போவோம், இன்னொரு பக்கம் மருந்து அளவ, ரெண்டுமே தனியா வேண்டிய அளவுல கால் பங்கு இருக்கப்பவே கிருமி செத்துச்சுன்னா அது உண்மையான கூட்டணி. யூஜினால், கார்வக்ரால், சின்னமால்டிஹைடு எல்லாத்துலயும் இந்த மாதிரி முடிவு வந்துருக்கு, தட்டுல.

தட்டத் தாண்டி வந்த ஒரு உதாரணம் நம்ம நாட்டுலயே இருக்கு. எண்ணெய் இல்ல, மிளகோட காரம், பைப்பரின். ஸ்டாஃபைலோகாக்கஸ் மருந்த வெளிய எறைக்கிற நோர்-ஏ பம்ப பைப்பரின் தடுக்குதுன்னு ஜம்முவுல இருக்க சிஎஸ்ஐஆர்ங்கிற மத்திய அரசு அறிவியல் அமைப்போட ஆராய்ச்சி நிலையத்துல 2006-ல காட்டுனாங்க. அதே நிலையத்துல டிபி மருந்து ரிஃபாம்பிசினோட 10 மில்லிகிராம் பைப்பரினச் சேத்தா மருந்து ரத்தத்துல அதிகமா ஏறுதுன்னு பாத்து, வழக்கமா 450 மில்லிகிராம் குடுக்குற எடத்துல 200 போதும்னு ஒரு மாத்திரையக் கொண்டு வந்தாங்க, ரிசோரின்னு பேரு, அனுமதி வாங்கி 2009-ல வெளிவந்துச்சு. மிளகு ரசம் குடிச்சா டிபி போயிரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒரே மூலக்கூறு, அளந்து, மனுசங்கள்ட்ட சோதிச்சு, மருந்தோட சேத்துக் குடுத்தது. இந்தப் பாதைதான் எனக்குச் சரியாப் படுது. எண்ணெய்க்கு இதுல ஒரு கூடுதல் சங்கடம் இருக்கு, ஒரே எண்ணெய்ல பத்து நாப்பது மூலக்கூறு கலந்து இருக்கும், மண்ணு மாறுனா மாறும், பறிக்கிற மாசம் மாறுனா மாறும், ஒரு ஊரு துளசியில யூஜினால் தூக்கலா இருக்கும், இன்னொரு ஊரு துளசியில வேற ஏதாவது. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மருந்துன்னா டாக்டர் எத நம்பி எழுதுவாரு?

ஏற்கனவே வேலை பாக்குற எடமும் இருக்கு. பல் டாக்டர்ட்ட போனா ஒரு கிராம்பு வாடை வருமே, தற்காலிகமா அடைக்கிற சிமெண்ட்டுல யூஜினாலையும் துத்தநாக ஆக்சைடையும் குழைக்கிறாங்க. லிஸ்டரின் மாதிரி வாய் கொப்பளிக்கிறதுல தைமால், மென்தால், யூகலிப்டால் இருக்கு. அப்புறம் தீவனம், இது பத்தி யாரும் பெருசா பேச மாட்றாங்க ஆனா இங்கதான் எண்ணெய்க்கு எதிர்காலம் இருக்குன்னு எனக்குத் தோணுது. கோழி சீக்கிரம் எடை போடணும்னு தீவனத்துல ஆன்டிபயாடிக் கலக்குறத ஐரோப்பிய யூனியன் 2006 ஜனவரியில முழுசா நிறுத்துச்சு, அந்த எடத்துல தைமால், கார்வக்ரால், சின்னமால்டிஹைடு கலந்த தீவனச் சரக்குகள் வர ஆரம்பிச்சுச்சு. குடல்ல வேலை செஞ்சா போதும், ரத்தத்துல ஏற வேண்டியதில்ல, அதனால மேல சொன்ன கணக்கு இங்க தடையா நிக்காது. நம்ம நாட்டுலயும் கடைசி மருந்தான கொலிஸ்டின கோழிக்கும் ஆடு மாட்டுக்கும் குடுக்கக் கூடாதுன்னு 2019-ல தடை வந்துருச்சு. நாமக்கல் பக்கம் இருக்க கோழிப் பண்ணைகள நெனைச்சுப் பாருங்க, அங்க கொறையிற ஒவ்வொரு மூட்டை ஆன்டிபயாடிக்கும் நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு மிச்சம்.

வீட்டுல வச்சிருக்கவங்களுக்கு சில விஷயம். கொடைக்கானல் போறவங்க எல்லாரும் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம் வாங்கிட்டு வந்து ஜன்னல் ஓரத்துல வைக்கிறோம், சின்னப்பிள்ளை அத எடுத்து சில மில்லி குடிச்சாலே மயக்கம், மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். கற்பூரம் அதை விட மோசம், ஒரு கிராமுக்குக் கொறஞ்ச அளவே கைக்குழந்தைக்கு வலிப்பக் கொண்டு வரும், சளிக்குன்னு நெஞ்சுல மூக்குல தேய்க்கிறதயும் ரெண்டு வயசுக்குள்ள வேண்டாம்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. கிராம்பு எண்ணெயக் குடிச்ச குழந்தைகளுக்கு ஈரலே கெட்டுப் போனது மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவாகிருக்கு. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில ஒரு பெரியவர்ட்ட நான் எண்ணெய் வாங்குவேன், பாட்டில எடுக்குறதுக்கு முன்னாடியே "உள்ளுக்கா, வெளிப்பூச்சா, யாருக்கு, பிள்ளைக்கா"ன்னு கேட்டுட்டுத்தான் குடுப்பாரு. ஆன்லைன்ல வாங்குற பாட்டில் அதக் கேக்காது.

பெரியம்மாவுக்கு செத்த சதைய வெட்டி எடுத்து, இன்சுலின் போட்டு சுகரக் கட்டுக்குள்ள கொண்டு வந்து, ரிப்போர்ட்டுல எஸ் வந்த ஊசியில ஒண்ண ரெண்டு வாரம் ஏத்துனாங்க. பெருவிரலக் காப்பாத்த முடியல. பாதம் தப்பிச்சுச்சு, இப்ப செருப்பு போட்டுத்தான் தோட்டத்துக்குப் போறாக, கற்பூரவல்லி இலையப் பறிச்சு பஜ்ஜி போட்டுத் தர்றாக, அது தாராளமா சாப்பிடலாம்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரியில ஒரு வாரம் கூடவே படுத்துக் கெடந்தான், யாரு சொல்லியும் வீட்டுக்குப் போகல. நான் அப்பப்ப அவன்ட்ட இதெல்லாம் பேசுவேன், பிளேட்டக் கூட ஒரு நாள் கொண்டு போயி காட்டுனேன். போன வாரம் எலுமிச்சைப்புல் எண்ணெய் பத்தி ஒரு வீடியோவ எனக்கு அனுப்பிட்டு கீழ அவனே எழுதிருந்தான், "அக்கா, இது பிளேட்டுல பண்ணது, ஆளு மேல பண்ணல. அளவும் போடல. பெரியம்மாட்ட காட்டல."